சின்ஃபாவின் பால் சோப்பு

யுவான்லின் ரயிலடிக்குப் பின்னால், கோழி பொரிக்கிற கடையை ஒட்டி ஸ்கூட்டர் பட்டறை வைத்திருக்கிற லாய் சின்ஃபாவுக்கு வண்டியைப் பார்க்கக்கூட வேண்டாம், சத்தம் போதும். தெருமுனையில் வரும்போதே "பெல்ட்டு போச்சு அக்கா, இன்னும் ரெண்டு நாள் ஓட்டினீங்கன்னா சந்தை நடுவுல நின்னுடும்" என்று குரல் கொடுப்பான். பெரும்பாலும் அப்படியே நடக்கும். தொந்தியும் சிரிப்புமாக இருக்கிற மனுஷன். மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஆனால் அந்த இரண்டு கைகள் இருக்கின்றனவே, பதினெட்டு வயசில் பிடித்த கிரீஸ் நாற்பது தாண்டியும் விடவில்லை. நகக்கண்ணிலும் ரேகைகளிலும் கறுப்பு குடியேறிவிட்டது.

அதுவரை அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதே பெய்யுன் அந்தக் கையைப் பார்த்துத்தான் சரி என்றாளாம். "உழைக்கிற கைன்னு தெரிஞ்சுது. மூஞ்சியப் பாத்திருந்தா யோசிச்சிருப்பேன்" என்பாள்.

மகள் ரூயி பிறந்த பிறகுதான் வம்பு தொடங்கியது. பிள்ளை பெற்ற மகளுக்கு எள்ளெண்ணெயும் இஞ்சியும் போட்டுக் கோழி சமைத்துக் கொடுக்க ஒரு மாசம் என்று வந்த மாமியார் யுவேலான், மாசம் முடிந்தும் பெட்டியைக் கட்டவில்லை. சின்ஃபா பட்டறையிலிருந்து வந்து தொட்டிலை நோக்கி இரண்டடி வைத்தால் போதும்.

"கையைக் காட்டு."

"கழுவிட்டேன் அம்மா."

"கழுவின கையா இது? அடுப்புக்கரி தேவலை. பிள்ளைக்குப் பட்டுத் தோலு, தள்ளி நின்னு பாரு."

தள்ளி நின்றுதான் பார்த்தான். கிட்டப் போகாமலே மகளைப் பார்த்துப் பல்லை இளித்து, கண்ணை உருட்டி, தவளை மாதிரிக் கத்துவான். அவளும் சிரித்தாள். தூக்கத்தான் முடியவில்லை.

நாலாம் மாசம், பிள்ளைக்கு எச்சில் வடிவது நிற்கட்டும் என்று எச்சில் துடைக்கிற சடங்கு வரும். சிவப்பு நூலில் வளைய பிஸ்கட்டுகளைக் கோத்துக் குழந்தையின் கழுத்தில் போடுவார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து ஒன்றை உடைத்து, வாயோரம் துடைத்து, வாழ்த்துச் சொல்வார்கள். அன்றைக்கு எல்லாச் சொந்தமும் பார்க்க மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். சின்ஃபாவின் ஆசை அவ்வளவுதான். அதை வீட்டில் சொன்னபோது மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை வாங்கியிருக்கேன். நான்தான் வச்சுப்பேன்."

கறுப்பு போகாததற்குக் காரணம் அவனுக்குத் தெரியும். கிரீஸை எடுக்க அவன் போட்ட சோப்பும் பெட்ரோலும் தோலை வறட்டி வெடிக்க வைத்தன. அந்த வெடிப்பில்தான் கறுப்பு போய் ஒளிந்துகொண்டது. வெடிப்பு ஆறினால் கறுப்பு போகும். அதற்குப் பதமான சோப்பு வேண்டும், பால் சேர்த்தது. பால் பவுடரோ வீட்டில் டப்பா டப்பாவாகக் கிடந்தது. யுவேலான் ஆசை ஆசையாக வாங்கி அடுக்கியதை ரூயி ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பியிருந்தாள். தாய்ப்பாலைத் தவிர வேறெதற்கும் வாயைத் திறக்கிற பிள்ளை இல்லை அது.

"என் பேத்தி குடிக்க வாங்கினதுல நீ கிரீஸ் கழுவப் போறியா?"

"உங்க பேத்திதான் வேண்டாங்கறாளே அம்மா. மருமகனாவது பயன்படுத்தறேன்."

முதல் தடவை, காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே பவுடரைக் கொட்டினான். கண்முன்னால் அது பூசணிக்காய் நிறத்துக்கு மாறி, குப்பென்று ஒரு நாற்றம் கிளம்பியது. பக்கத்துக் கடையில் கோழி வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். அடுத்த தடவை பதமாகத்தான் வந்தது. ஆனால் குளிர் பட்டுவிடுமோ என்று மீன் வருகிற தெர்மாகோல் பெட்டியில் வைத்து, மேலே பழைய போர்வையும் போர்த்திவிட்டான். காஸ்டிக்கோடு சேர்ந்தால் பாலில் இருக்கிற சர்க்கரைக்குத் தன் சூடே அதிகம். காலையில் திறந்து பார்த்தால் நடுவில் வாய் பிளந்து, எண்ணெய் கக்கிக்கொண்டு கிடந்தது.

"பிள்ளைக்குப் போத்தத் தெரியாது, சோப்புக்குப் போத்தறான்" என்றாள் பெய்யுன்.

பிறகு புத்தி வந்தது. பவுடரைக் கட்டி தட்டாமல் கொஞ்சம் தேங்காயெண்ணெயில் குழைத்து வைத்துக்கொண்டான். உருக்கின பன்றிக் கொழுப்பையும் மீதி எண்ணெயையும் ஆறின காஸ்டிக் தண்ணீரோடு சேர்த்துக் கிண்டி, கஞ்சி மாதிரி கெட்டிப்படும்போது கடைசியில் அதைக் கலந்தான். போர்த்தவில்லை. மின்விசிறிக்கு முன்னால் வைத்தான். அச்சுக்கு வேறெங்கே போவான்? பட்டறையில் கிடந்த பிளாஸ்டிக் குழாயில் ஊற்றி, இறுகியதும் தள்ளியெடுத்து வட்ட வட்டமாக நறுக்கினான். கை கழுவுகிற குழாயடியில் ஈரத்தில் கரையாமல் கம்பியில் தொங்கவிட வேண்டுமே, அதனால் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ஓட்டை போட்டான். தட்டில் பரப்பி, அடுப்பங்கரையில் காற்று வருகிற அலமாரியில் காய வைத்தான்.

மாசம் தாண்டிக் காய்ந்த சோப்பு வெண்ணெயாய் வழுக்கியது. வெடிப்புகள் மெல்ல மூடின. சடங்கு நெருங்கும்போது உள்ளங்கையின் சொந்த நிறம் எட்டிப்பார்த்தது. நகக்கண்ணில் மட்டும் மெல்லிய கோடு மிச்சம். யுவேலான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் இருக்கு" என்றாள்.

சடங்கன்று வீடு நிறைந்தது. யுவேலான் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு நடுநாற்காலியில் உட்கார்ந்தாள். மாலையை விடிகாலையில் அவளே கோத்திருந்தாள். உதவிக்குப் போன சின்ஃபாவை, "தொடாதே, பண்டம் கறுத்துடும்" என்று விரட்டியிருந்தாள். அவன் கதவோரம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

முதலில் வந்தவர் யுவேலானின் அண்ணன் தாவ்ஜின். இனிப்பென்றால் உயிரை விடுகிறவர். மாலையிலிருந்து ஒன்றைப் பிடித்து ஒடித்தார். ஒடியாமல் பிய்ந்து வந்தது. "ஊறிப்போச்சா யுவேலான்?" என்றபடி ஒரு துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றைக் குழந்தையின் உதட்டருகே கொண்டுபோனார்.

"எச்சில் வத்தட்டும், வத்தட்டும்... அடுத்த வருஷம் தம்பி..."

கை அந்தரத்தில் நின்றது. கடைவாயிலிருந்து நுரை எட்டிப்பார்த்தது.

"என்னடி இது, பொங்குது!"

பெய்யுன் பாய்ந்து மாலையைக் கழற்றி மூக்கருகே வைத்துப் பார்த்து, "ஐயோ, சோப்பு!" என்றாள். கூடம் வெடித்துச் சிரித்தது. தாவ்ஜின் வாசலுக்கு ஓடிக் கொப்பளிக்கக் கொப்பளிக்க நுரை கூடிக்கொண்டே போனது. "மாமாவுக்கு இந்த வருஷம் பல்லு தேய்க்க வேண்டாம்" என்று யாரோ சொன்னார்கள்.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர், சின்ஃபாவும் யுவேலானும். யுவேலானுக்கு முகம் வெளுத்துவிட்டது. அலமாரியில் சோப்பும் பிஸ்கட்டும் பக்கத்துப் பக்கத்துத் தட்டு, ஒரே நிறம், ஒரே ஓட்டை, ஒரே பால் வாசனை. கண்ணாடி போடாமல் கோத்திருந்தாள். பேத்தியின் உதட்டுக்கு இன்னும் ஒரு விரல்கடை தூரம்தான் இருந்தது.

"கோத்தது யாரு?" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார் தாவ்ஜின்.

சின்ஃபா முந்திக்கொண்டான். "என் தப்பு மாமா. சோப்பைக் கொண்டுபோய் திங்கிற பண்டத்துக்குப் பக்கத்துல நான்தான் வச்சேன். பிஸ்கட்டு மாதிரி செஞ்சு வச்சா யாருக்குத்தான் தெரியும்?"

"மருமகனே, சோப்பு நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் சர்க்கரை பத்தாது."

மறுபடி சிரிப்பு. பெய்யுன் நிஜ பிஸ்கட் தட்டையும் நூலையும் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தாள். யுவேலான் ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் நூலுமாகக் கொஞ்ச நேரம் தடுமாறினாள். யாரும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாகக் குத்தியிருக்க வேண்டும்.

"சின்ஃபா."

"அம்மா?"

"இந்தா, பிள்ளையப் பிடி. இது முடியற வரைக்கும் நீயே வச்சுக்கோ."

"வெள்ளைச் சட்டை..."

"துவைச்சுக்கறேன். உக்காரு."

நாற்காலியை விட்டு எழுந்து, ஓரத்து முக்காலியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோக்க உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு பிஸ்கட்டையும் நுனியில் கடித்துப் பார்த்துத்தான் நூலில் ஏற்றினாள்.

சின்ஃபா மகளை மடியில் வாங்கிக்கொண்டு நடுநாற்காலியில் உட்கார்ந்தான். ரூயி அவன் கட்டைவிரலைப் பிடித்து இழுத்து, வாய்க்குள் விட்டு, ஈறால் மென்றாள். எச்சில் மணிக்கட்டு வரை வழிந்தது. வரிசையில் வந்தவர்கள் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். அவள் நிறுத்துகிற வழியாக இல்லை, அவனும் விரலை எடுக்கவில்லை.