வெளிநாட்டவர் வரிசையில் ஒரு வெள்ளவத்தைக்காரன்

விசா முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே எனக்கு இருப்புக்கொள்ளாது. காலையில் கண் விழித்ததும் ஃபைலைத் திறப்பேன். வங்கிக் கடிதம், காப்புறுதிப் பத்திரம், கடவுச்சீட்டின் பிரதிகள், வெள்ளைப் பின்னணியில் எடுத்த படங்கள், எல்லாம் வைத்த இடத்தில் இருக்கும். மூடிவிட்டுப் பல் தீட்டப் போவேன். தேநீரோடு வந்து உட்கார்ந்தால் கை மறுபடியும் ஃபைலுக்குப் போகும்.

“அதுக்குள்ள என்ன, குஞ்சு பொரிக்குதோ?” என்று என் மனைவி குசினிக்குள் இருந்து கேட்பாள்.

நாங்கள் இருவரும் இந்த நாட்டில் பிறந்தவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்காகக் கொழும்புக்கு வந்து, கலியாணமான புதிதில் வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையில் அறை எடுத்து இருந்தோம். சண்டைக் காலத்தில் நோர்வேக்குப் போனோம். பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். அந்த நாட்டுக் குடியுரிமையை எடுத்தபோது இந்த நாட்டுக் குடியுரிமை இல்லாமல் போயிற்று. அப்போது அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. யார் திரும்பி வரப்போகிறார்கள் என்ற நினைப்பு. ஓய்வு பெற்று, அதே வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து இறங்கிய பிறகுதான், சட்டப்படி நான் ஒரு ஓய்வுபெற்ற வெளிநாட்டவன் என்பது உறைத்தது. குளிர்நாட்டு வெள்ளைக்காரர்கள் தெற்கே கடலோரம் வீடு பிடித்துக்கொண்டு இருக்கிறார்களே, அவர்களுக்குக் கொடுக்கும் அதே விசாதான் எனக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும்.

இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தால் இந்த அலைச்சல் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். பிறந்த நாட்டிடம் போய் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதா என்று எனக்கு ஒரு ரோஷம். விசாவுக்குக் கேட்கும்போது மட்டும் அந்த ரோஷம் எங்கே போகிறது என்று மனைவி கேட்பாள்.

மாலையில் மரைன் டிரைவில் நடக்கப் போனால் என்னைப் போன்றவர்கள் ஐந்தாறு பேர் கடல் பக்கக் கட்டுச்சுவரில் உட்கார்ந்திருப்பார்கள். ஊர்ப்பெயர் போய், எல்லோருக்கும் நாட்டுப்பெயர் வந்துவிட்டது. கனடா, லண்டன், சிட்னி, நான் நோர்வே. முன்பெல்லாம் இந்த வயதுக்காரர்கள் கூடினால் சீனி வருத்தத்தையும் முழங்கால் நோவையும் கதைப்பார்கள். எங்கள் கட்டுச்சுவரில் விசாக் கதைதான். புதிய சட்டம் வருகிறதாம், பழைய சட்டம் போகிறதாம், அந்தக் கடிதம் இனி செல்லாதாம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளும் ஒரு புரளியோடு வருவார்கள். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

எனக்காக மட்டும் என்றால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். எனக்கு நோர்வே பழகிவிட்டது. பனியைத் தள்ளிவிட்டுப் பேப்பர் வாங்கப் போகும் ஆள் நான். என் மனைவிக்குத்தான் அது ஒத்துவரவில்லை. பிள்ளைகள் தங்கள் தங்கள் வீடுகளுக்குப் போன பிறகு அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கடைசியில், “சாப்பிட வாங்கோ”, “மருந்து போட்டியளோ” என்ற இரண்டைத் தவிர வேறு வார்த்தை இல்லாத நாட்களும் இருந்தன. மாரிகாலம் முழுவதும் ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் இருந்தாள். டொக்டர் குளிசையும் தந்தார், முகத்துக்கு முன்னால் வைக்க ஒரு வெளிச்சப் பெட்டியும் தந்தார். அந்தப் பெட்டிக்கு முன்னால் அவள் கண்ணை மூடிக்கொண்டு இருப்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

இங்கே வந்த முதல் வாரமே வாசலில் மீன்காரனோடு சண்டை பிடித்தாள். பாரைமீன் நேற்றையது என்று அவள் சொல்ல, இன்றையது என்று அவன் சாதிக்க, மாடிப்படியெல்லாம் சத்தம். மனைவி ஊரோடு சண்டை பிடிக்கிறாளே என்று உள்ளே நின்று சந்தோஷப்பட்ட புருஷன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இப்போது வெள்ளிக்கிழமைக் கோயிலுக்கு அவளுக்குக் கூட்டாளிகள் இருக்கிறார்கள். இட்லிக்கு மா அரைப்பதா வாங்குவதா என்று அரை மணி நேரம் கதைக்கிறாள். குளிசையை விட்டுவிட்டாள். அவளுடைய விசா என் விசாவில் தொங்குகிறது, சார்ந்திருப்பவர் என்ற வகையில். என்னுடையது பிசகினால் அவள் அந்த ஜன்னலோர நாற்காலிக்குத் திரும்பிப் போக வேண்டும். ஃபைலை நான் திறந்து திறந்து பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

விசாக் கந்தோருக்குப் போகும் நாள் வந்தது. விடியவே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு ஓட்டோவில் ஏறினோம். பொரளைச் சந்தியில் வாகனங்கள் அசையவில்லை. நான் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் நின்ற பஸ்ஸைத் திட்டினேன். “அந்த பஸ்ஸும் விசாவுக்குத்தான் போகுதாக்கும்” என்றாள் மனைவி. அவளுக்கு என் பதற்றம் எப்போதும் வேடிக்கைதான்.

கவுண்டரில் ஒரு இளம் பெண் அதிகாரி. சுமுகமான பிள்ளை. கடிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி பிடித்துக்கொண்டே வந்தாள். நிமிர்ந்து, எங்கே இருக்கிறீர்கள், எவ்வளவு காலமாக என்று சிங்களத்தில் கேட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, உத்தியோகக் குரலில், சிங்களத்தில் வந்த கேள்வி. என் கை தன்பாட்டில் சட்டைப்பைக்குள் போயிற்று. பழைய தேசிய அடையாள அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

அந்தக் காலத்தில் கொழும்பில் இருந்த தமிழனுக்கு நான் சொல்வது விளங்கும். சோதனைச் சாவடியில் கேள்வி முடியும் முன்பு அட்டை வெளியே வந்துவிட வேண்டும். தேடிக்கொண்டு நின்றால் சந்தேகம், வீட்டில் விட்டுவிட்டேன் என்றால் பொலிஸ் நிலையம். கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் அட்டையோடுதான் போவோம். வெளிநாட்டில் அது மேசை லாச்சிக்குள் கிடந்தது. திரும்பி வந்ததும், யாரும் கேட்காமலே, பழையபடி சட்டைப்பைக்குள் ஏறிக்கொண்டது. அது இல்லாமல் படி இறங்கினால் உடுப்பில்லாமல் போவது போல இருக்கும்.

அந்தப் பெண் அட்டையைப் பார்த்தாள். நோர்வேக் கடவுச்சீட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அங்கிள், மே மொகக்த?” இது என்ன என்று கேட்கிறாள். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான்.

எனக்கு அப்போதுதான் என்ன செய்தேன் என்பது விளங்கியது. வெளிநாட்டவன் என்று விசா கேட்டு வந்த இடத்தில், நான் இந்த நாட்டவன் என்று அட்டையை நீட்டியிருக்கிறேன். அவள் உள்ளே போய் மேலதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நரைத்த மனிதர், மரியாதையாகவே பேசினார். குடியுரிமை போனபோதே இந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், பரவாயில்லை, இப்போது ஒப்படையுங்கள், இனி இலங்கைப் பிரசை அல்ல என்று ஒரு கடிதம் எழுதித் தாருங்கள், மிச்சத்தை நாங்கள் பார்க்கிறோம் என்றார். நியாயமான பேச்சு. நான் ஓம் என்று தலையாட்டியிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும்.

எனக்குள் ஏதோ கிளம்பியது. “தர மாட்டேன்” என்றேன். அது என்னுடையது, என் படம், நான் பிறந்த ஊர் அதில் இருக்கிறது என்று சத்தமாகச் சொன்னேன். பின்வரிசையில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அட்டையைப் பொறுக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஃபைலையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பின்னால் மனைவியின் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக் கதவைச் சாத்தியதும்தான் தொடங்கினாள்.

“அந்த அட்டையைப் பாத்துப்போட்டு எத்தனை தரம் உங்களை பஸ்ஸால இறக்கினவங்கள்? அதுக்கோ இந்த ஆட்டம்?”

“இஞ்சார், அது வேற விஷயம்.”

“என்ன வேற? ஒருக்கா விடிய விடியப் பொலிசில இருந்தனீங்கள். நான் வாசலில நிண்டனான், தெரியுமோ? பிறந்த இடம் யாழ்ப்பாணம் எண்டு அதில கிடந்ததாலதானே?”

“அதாலதான் குடுக்கேலாது எண்டுறன்.”

சொன்ன பிறகு, அது எனக்கே புதிதாக இருந்தது. அந்த அட்டைக்காக நான் பட்டதெல்லாம் பட்டு முடித்திருக்கிறேன். பட்டவனிடமிருந்து அதையும் வாங்கிக்கொண்டு, நீ யாரோ என்று எழுதித் தா என்றால் எப்படி? இதை அவளுக்கு விளக்க முயன்றேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, “நல்லாய்க் கதைக்கிறியள்” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

அடுத்து வந்த நாட்களில் எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பல்கனிக்குப் போவேன், உள்ளே வருவேன், பேப்பரை விரிப்பேன், மடிப்பேன். கடற்கரைக் கட்டுச்சுவருக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கனடாக்காரர் என் முதுகில் தட்டினார். லண்டன்காரர் அப்படித்தான் கேட்க வேண்டும் என்றார். சிட்னிக்காரர் மட்டும், “இப்ப மனிசியின்ர விசா என்ன மாதிரி?” என்று கேட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. வேண்டாத கேள்வி என்று நினைத்துக்கொண்டு எழுந்து நடந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகு, கேட்க வேண்டிய ஒரே கேள்வியை அவர்தான் கேட்டிருக்கிறார் என்று பட்டது.

வீட்டுக்குத் திரும்பி வந்தேன். பல்கனிக் கொடியில் இரண்டு பெரிய குளிர் அங்கிகள் தொங்கின. வந்த நாளிலிருந்து பெட்டியின் அடியில் கிடந்தவை. கொழும்பு வெயிலில், கடற்காற்றில், கனத்த கம்பளி அங்கிகள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. பக்கத்து ஃபிளாட் பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“ஏனப்பா இதுகளைப் போட்டிருக்கிறீர்?” என்று கேட்டேன்.

“பூச்சி பிடிச்சிடும்” என்றாள். “போகேக்க வேணுமெல்லே.”

சண்டைக் குரல் இல்லை. நோர்வேயில் பேசுகிற அந்தச் சின்னக் குரல். அதை நான் நெடுநாளாகக் கேட்கவில்லை. அவள் சொல்லிக்கொண்டே நாற்காலியை பல்கனிக் கதவோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடலைப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் அட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இவளைக் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே இருத்தப் போகிறேனே என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அன்று மாலையே கடிதத்தை எழுதினேன். ஆங்கிலத்தில் நாலு வரி. நான் இலங்கைப் பிரசை அல்ல. எழுதிவிட்டு வாசிக்கவில்லை, மடித்து ஃபைலுக்குள் வைத்தேன்.

மறுபடி கந்தோருக்குப் போனோம். அதே பெண்தான் கவுண்டரில் இருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகத்தில் ஒரு சின்னப் பயம் வந்தது. நான் கடிதத்தை வைத்தேன். அதன் மேல் அட்டையை வைத்தேன். மன்னிக்க வேண்டும் பிள்ளை என்றேன். “கமக் நே, அங்கிள்” என்று அவள் சிரித்தாள். பரவாயில்லை என்கிறாள். போனதரத்து நரைத்த மேலதிகாரியும் வந்து கடிதத்தை வாசித்தார். பிறகு, முறைப்படி கேட்க வேண்டும் என்பதற்காகத்தான், ஆன்ட்டியிடமும் பழைய அட்டை ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். இல்லை என்றுதான் நானும் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். அவள் கைப்பையைத் திறந்தாள். உள்ளே ஒரு சின்ன ஜிப், அதற்குள் கடதாசியில் மடித்த விபூதிச் சரை, அதற்குப் பின்னால் அட்டை. ஓரம் உரிந்து, படம் மங்கியிருந்தது. அதில் இருந்த பெண்ணை நான் கடைசியாக அந்த ஒழுங்கை அறையில் பார்த்தது. அவள் அதை என் அட்டைக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரு விரலால் கண்ணாடியின் அடியால் உள்ளே தள்ளினாள். வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு எனக்குப் புத்தி சொன்னவள், அதே பாரத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறாள்.

மேலதிகாரி இரண்டு அட்டைகளையும் கையில் எடுத்தார். கடிதம் கணவர் பெயரில்தான் இருக்கிறது, ஆன்ட்டி வாயால் சொன்னால் போதும், எழுதிக்கொள்கிறேன் என்று சிங்களத்தில் சொன்னார். நான் மொழிபெயர்க்கத் திரும்பினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

“அப்பி பிட்டரட்ட மினிஸ்ஸு” என்றாள். நாங்கள் வெளிநாட்டு ஆட்கள்.

ஒரு பிசகும் இல்லாத சிங்களம். இந்த ஊரில் இருந்து, இந்த ஊர்ச் சந்தையிலும் பஸ்ஸிலும் கற்றுக்கொண்டால் மட்டும் வருகிற சிங்களம். அந்தப் பெண் பிள்ளை குனிந்து எதையோ தட்டெழுதத் தொடங்கினாள். மேலதிகாரி அவள் சொன்னதை எழுதிக்கொண்டு, இரண்டு வருஷத்துக்கு விசாவைக் குத்தித் தந்தார்.