உள்ளூர் ஆட்டங்களுக்கு மட்டும்

தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்தால் தோலின்மேல் வெள்ளைப் படலமாகப் படியும். விரலால் தேய்க்கத் தேய்க்க மெல்ல இளகி, அம்மாவின் தலைமுடி மணமும் மாட்டுத்தோல் மணமும் ஒன்றாய் எழும். பன்னிரண்டாம் வயதில் என் இடது கையில் எப்போதும் அந்த மணம்தான். அது ஒரு பேஸ்போல் கையுறை. விளையாட்டுக் கழகத்தார் இரவலாகத் தந்தது, பலகைபோல விறைத்துக் கிடந்தது. எண்ணெய் பூசினால் இளகும் என்றார்கள். என்ன எண்ணெய் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் அறையில் இருந்தது ஒரே ஓர் எண்ணெய்தான். ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரத்து ஏப்ரல் குளிரில் அது உறைந்து, கையுறை முன்னிலும் விறைத்துப்போனது. யென்ஸ் என்ற பையன் அதை மோந்து பார்த்துவிட்டு, "இது கையுறையோ, நத்தார் பண்டிகைத் தேங்காய் பிஸ்கட்டோ?" என்று டொச்சு மொழியில் கத்தினான். அன்றிலிருந்து அந்தப் பருவம் முழுவதும் என் பெயர் "பிஸ்கட்".

அப்பா, அம்மா, நான் மூவரும் அப்போது நகரின் ஓரத்தில் அகதிகளுக்கான விடுதியில், நாங்கள் "காம்ப்" என்று சொல்லும் இடத்தில், ஓர் அறையில் இருந்தோம். எதிரே அமெரிக்கப் படைமுகாம். அதன் வேலிக்கு இந்தப்பக்கம் இருந்த மைதானத்தில், படைவீரர்களிடம் ஆட்டம் பழகிய ஊவ என்ற தபால்காரர் சனிக்கிழமைகளில் பிள்ளைகளைச் சேர்த்து விளையாட வைத்தார். எனக்கு டொச்சு அரைகுறை. மொழி தெரியாதவனை நிறுத்த வசதியான இடம் வெளிக்களத்தின் நடு: கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டருகே நிற்பவனைப்போல, எல்லோருடைய முதுகுக்கும் பின்னால், கூப்பிட்டாலும் சரியாகக் கேட்காத தூரத்தில். அங்கே ஓர் ஆட்டம் முழுக்க ஒரு பந்துகூட வராமல் போகலாம். ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் முழங்காலை மடித்துத் தயாராக நிற்கவேண்டும். மட்டையில் பட்ட சத்தம் கேட்டதும் முதல் அடியைப் பின்னால்தான் வைக்கவேண்டும், முன்னால் ஓடிவருவது சுலபம் என்பதை என் தலைக்கு மேலால் போன பந்துகளிடம்தான் கற்றுக்கொண்டேன். கோடை பிறந்தபின் என் தலைக்கு மேலால் ஒன்றும் போகவில்லை.

ஆனால் நான் உள்ளூர் ஆட்டங்களுக்கு மட்டும் உரியவன். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை, எழுத்தில் அனுமதி வாங்காமல் நகர எல்லையைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். அதை மற்றப் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு வெட்கம். வெளியூர் ஆட்டம் என்றால், "காய்ச்சல் எண்டு சொல்லு" என்பார் அப்பா. "பிஸ்கட்டுக்கு இரண்டு கிழமைக்கு ஒருக்கா காய்ச்சல் வரும், கலண்டரில் குறிச்சு வைக்கலாம்" என்று யென்ஸ் பகிடி பண்ணுவான். ஒருநாள் ஊவ என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்:

"உண்மையாய்க் காய்ச்சலோ? அல்லது கடுதாசியோ?"

"கடுதாசி" என்றேன்.

அந்தக் கோடையில் எங்கள் அணி இறுதிச் சுற்றுக்குத் தெரிவானது. ஆட்டம் பயர்ன் மாநிலத்தில். ஊவ தானே போய் அனுமதிக்கான "அன்ட்ராக்" படிவத்தை வாங்கிக்கொண்டு காம்புக்கு வந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். அப்பா கையெழுத்திட்டு, வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரே கொடுத்தால் போதும் என்றார் ஊவ. அப்பா எல்லாவற்றுக்கும் "யா, யா" என்று தலையாட்டினார். ஊவ போனபின் அப்பா கதவைச் சாத்தினார்.

"ஒருநாள்தானே, இஞ்சருங்கோ. காலமை போய்ப் பின்னேரம் வந்திடுவான்" என்றார் அம்மா.

"உமக்கு விளங்கேல்லை. கேட்டால் எங்கட ஃபைலை எடுப்பாங்கள். எடுத்தால் வாசிப்பாங்கள். இப்ப அது எங்கையோ அடியிலை கிடக்கு. கிடக்கட்டும்."

"வாசிச்சால் என்ன? பொய்யே எழுதி வைச்சிருக்கிறியள்?"

"உண்மை எழுதினவங்களையும்தான் அனுப்பிப்போட்டாங்கள்."

முந்திய மாதம்தான் பக்கத்து அறைக் குடும்பத்தை ஒரு காலையில் வந்து ஏற்றிப் போயிருந்தார்கள். அவர்களுடைய சோற்றுப்பானை இரண்டு நாள் பொதுச் சமையலறை அடுப்பிலேயே இருந்தது. அப்பா படிவத்தைத் தன் கறுப்புக் கோப்புக்குள் வைத்து, கோப்பை அலுமாரிக்கு மேலே தள்ளிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு மறுபடியும் காய்ச்சல். அணியின் பேருந்து போய்விட்டிருக்கும் என்று நிச்சயமானபின் மைதானத்துக்குப் போய் என் இடத்தில் நின்றேன். பந்தை நானே மேலே எறிந்து, நானே பிடித்தேன். பிறகு அதுவும் வெறுத்து, முழங்காலை மடித்துச் சும்மா நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முகாம் வேலிக்கு அப்பால் ஒரு படைவீரர் கார் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையசைத்தார். வெறும் மைதானத்தில் எதற்காக நிற்கிறாய் என்று கேட்கவில்லை.

எங்கள் அணிப் பையன்கள் வென்றுவிட்டார்கள். தோற்றிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடைசிப் பந்தைப் பிடித்தது, என் இடத்தில் நின்ற யென்ஸ். "சும்மா கையை நீட்டினன், பிஸ்கட், அது தானாய் வந்து விழுந்தது" என்றான். பெருமைக்கல்ல, எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னான். அதைத்தான் தாங்க முடியவில்லை. கழகக் குடிலின் சுவரில் வெற்றிப் படம் தொங்கியது. நான் இல்லாத படம். அடுத்த கிழமை கையுறையைத் திருப்பிக் கொடுத்தேன். மறு ஆண்டு எங்களுக்கு விசா கிடைத்தது. எந்த ஊருக்கும் போகலாம் என்றானது. நான் திரும்பப் போகவில்லை. அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அப்பாவும் நானும் பிறகு ஒருபோதும் கதைக்கவில்லை.

என் மகனுக்கு இப்போது பதினேழு வயது. ஏழு வயதில் பள்ளி நண்பனோடு போய் இந்த ஆட்டத்தில் சேர்ந்தான், நான் சொல்லியல்ல. அவனுடைய ஓட்டத்தைப் பார்த்து அவனையும் வெளிக்களத்தின் நடுவில் நிறுத்தினார்கள். நகர அணி, மாநில அணி, பயிற்சி விடுதி என்று ஏறினான். சென்ற ஆண்டு அணிகளுக்கு ஆள் தேடும் ஓர் அமெரிக்கர் நிறுத்துக் கடிகாரத்தோடு வந்து அவனை ஓடவைத்து, மைதான எல்லையிலிருந்து எறியவைத்துப் பார்த்தார். பிறகு ஓர் ஒப்பந்தம் வந்தது. அமெரிக்காவின் பெரிய லீக்குக்குக் கீழே எத்தனையோ படிகள் உண்டு. இது ஆகக் கீழ்ப்படி. வயது குறைந்தவன் என்பதால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். ஒப்பந்தம் கிடைத்த அன்றே மனைவி கையெழுத்து வைத்தாள். நான் அதை என் கோப்புக்குள், எல்லாக் கடுதாசிக்கும் அடியில் வைத்தேன்.

"அப்பா, கையெழுத்து வைச்சாச்சோ?"

"நாளைக்கு."

இப்படிப் பதினொரு நாள். அமெரிக்க எல்லையில் ஏதாவது கேட்பார்களோ, எதையாவது கிளறுவார்களோ, தனியே என்ன செய்வான் என்று நினைத்து நினைத்துக் கோப்பைத் திறந்து திறந்து மூடினேன். நான் இந்த நாட்டுக் குடிமகனாகி இருபது ஆண்டுக்கு மேலாகிறது.

பன்னிரண்டாம் நாள், ஒப்பந்தத்துக்கு என் பிறப்புச் சான்றிதழின் பிரதியும் வேண்டும் என்றார்கள். அது காலமாகிவிட்ட அப்பாவின் கறுப்புக் கோப்பில் இருந்தது. தேடியபோது அந்த "அன்ட்ராக்" அகப்பட்டது. வெறும் படிவம் அல்ல. எல்லாக் கட்டங்களையும் அப்பா தன் பெரிய எழுத்துகளில் நிரப்பியிருந்தார். பயணத்தின் காரணம் என்ற இடத்தில், மகன், பேஸ்போல் என்று இரண்டே சொல். கையெழுத்து. திகதி, அந்தச் சனிக்கு இரண்டு நாள் முந்தியது. மூலையில், வரிசைக்காக அலுவலகத்தில் கிழித்து எடுக்கும் இலக்கத் துண்டு ஒன்று குண்டூசியால் குத்தியிருந்தது: அறுபத்து மூன்று.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு காலையில் அப்பா போயிருக்கிறார். இலக்கம் எடுத்து, அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எத்தனையாம் இலக்கம் கூப்பிடும்வரை பொறுத்திருந்தார், எப்போது படிவத்தைக் கொடுக்காமலே எழுந்தார் என்று இனிக் கேட்க ஆளில்லை.

நான் அன்றே கையெழுத்து வைத்தேன்.

மகனை ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் ஏற்றிவிட்டு மூன்று கிழமை ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பழைய மைதானத்தைத் தேடிப் போனேன். படைமுகாம் எப்போதோ காலியாகி வீடுகளாகிவிட்டது. வேலி இல்லை, குடில் இல்லை, அந்தப் படம் யாரிடம் போனதோ தெரியாது. வீதியையும் மரங்களையும் வைத்துக் கணக்குப் பார்த்தால், நான் நின்ற இடம் இப்போது சைக்கிள் நிறுத்தும் கொட்டகை. அதற்குள் நின்றுகொண்டிருக்கையில் கைபேசியில் மகனின் செய்தி வந்தது. முதல் ஆட்டம் முடிந்திருந்தது.

"ஒரு பந்தும் வரேல்லை அப்பா. சும்மா நிண்டன்."

பதில் எழுதினேன். எங்கே நின்று அதை வாசித்தேன் என்பதை மட்டும் எழுதவில்லை.