ஜெபத்தில் சாப்பிட்ட நாய்

நான் நாய் வளர்க்க ஆசைப்பட்டவன் இல்லை. திருப்பதிக்குப் போனதே ஒரு சிலேட்டுப் பெட்டிக்காகத்தான். சித்தூரில் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டிய பெட்டி வழிதவறித் திருப்பதி ஸ்டேஷனில் கிடந்தது. அதை மீட்டுவரும் அளவுக்குத் திறமைசாலி என்று என்னை எண்ணி அனுப்பிவைத்தார்கள்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு ஜட்காக்காரன், வண்டிச் சக்கரத்தில் கட்டியிருந்த நாயைச் சாட்டையால் விளாசிக்கொண்டிருந்தான். குதிரைக்குச் சேரவேண்டியதையும் அதற்கே கொடுத்துவிட்டான் போலிருந்தது. நான் வீரன் இல்லை. பத்தடி தள்ளி நின்று, குடையைக் கேடயம்போல் முன்னால் பிடித்துக்கொண்டு, "வேணாம்பா, வாயில்லா ஜீவன்" என்றேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அந்த தய உண்ட்டே நுவ்வே தீஸ்கோ போ!" என்றான். கயிற்றை அவிழ்த்து என் கையில் திணித்தான். திருச்சானூர் சவாரி ஒன்றை ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டான். அவ்வளவு தயவு இருந்தால் நீயே கொண்டுபோ என்று ஒருவன் சொன்னால் என்ன பதில் சொல்வதென்று எங்கள் டிரெயினிங் ஸ்கூலில் சொல்லித்தரவில்லை. அந்தக் குழப்பத்திலேயே ரயிலேறினேன். கார்டு பெட்டியில் நாய்க்கென்று ஒரு கூண்டு இருப்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பாகாலா தாண்டிய பிறகுதான் சிலேட்டுப் பெட்டி ஞாபகம் வந்தது.

"சிலேட்டு எங்க?" என்றாள் மனைவி, வாசலில் நின்று.

நான் நாயைக் காட்டினேன்.

"இதுல எப்பிடிங்க எழுதுறது?"

கேலி பண்ணினாளே தவிர, நாயின் கழுத்தைப் பார்த்ததும் அவள்தான் முதலில் உள்ளே ஓடி வெந்நீர் வைத்தாள். கயிறு அறுத்த இடம் வட்டமாகப் புண்ணாகிச் சீழ் வைத்திருந்தது. எங்கள் சபையைச் சேர்ந்த கம்பவுண்டர் ஒருவர் வந்து பார்த்துக் களிம்பு கொடுத்தார்.

"மருந்து நான் தரேன் வாத்தியாரே. ஆனா வயிறு ரொம்பத் துன்னாத்தான் புண்ணு ஆறும். இப்பிடியே எலும்பா கெடந்தா பத்து நாள்கூடத் தாங்காது."

அது தின்னவில்லை. கேழ்வரகுப் பானைக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. சோற்றில் எலும்புச் சாறு பிசைந்து வைத்துவிட்டு, நான் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து, அதன் முகத்தையே அன்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நடுங்கியது. தெலுங்குக்காரன் நாயாயிற்றே என்று தெலுங்கில் கொஞ்சினேன். தமிழில் கெஞ்சினேன். கடைசியில், ஸ்கூல் இன்ஸ்பெக்டரிடம் பேசும் இங்கிலீஷில் தயவுகூர்ந்து சாப்பிடும்படி விண்ணப்பித்துக்கொண்டேன். மூன்று பாஷைக்கும் அது இருந்த இடத்திலேயே மூத்திரம் போயிற்று.

ஆனால் தட்டில் சோறு மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. பெருச்சாளி என்று நினைத்தேன். அடுத்த நாளும் குறைந்தது. நாய் அடைத்துக்கொண்டு கிடக்கும் இடத்துக்குள் பெருச்சாளி எப்படிப் போகும்? எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலாம் நாள்தான் ஒன்றைக் கவனித்தேன். எங்கள் வீட்டில் ஜெபம் பண்ணாமல் யாரும் சோற்றில் கை வைப்பதில்லை. மனைவி முந்தானையை முக்காடு போட்டுக்கொள்வாள். நான் கண்ணை மூடி இரண்டு வரி சொல்வேன். ஜெபத்துக்கு முன்னால் நாயின் தட்டு நிறைந்திருந்தது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் இரண்டு வாய் குறைந்திருந்தது.

எனக்குப் புல்லரித்துவிட்டது. "இந்தா, இந்த நாயி ஜெபத்துல துன்னுது!"

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் சொல்லாமல் ரசம் ஊற்றினாள்.

இரண்டு வரி ஜெபத்துக்கு இரண்டு வாய்தான் என்றால் புண் ஆறுவது எப்போது? ஜெபத்தை நீட்டினேன். சக்கரவர்த்திக்காக, வெயிலுக்கு ஊட்டி போன கவர்னருக்காக, வேர்க்கடலைப் பயிருக்காக, இன்னும் திருப்பதியிலேயே கிடக்கும் சிலேட்டுப் பெட்டிக்காக வேண்டிக்கொண்டேன். களி ஆறிக் கல்லானது. தட்டு பாதி காலியானது. அப்படியானால் நாள் முழுக்க ஜெபித்தால் நாள் முழுக்கத் தின்னுமே என்று ஒரு யோசனை. மத்தியானம் ஜெபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அதன் எதிரில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் உரக்க வாசித்தேன். ஒரு பருக்கை தொடவில்லை.

ரொம்ப நேரம் குழம்பினேன். பிறகு, அச்சடித்த ஜெபம் இதற்குச் செல்லாது, மனசிலிருந்து வருவதுதான் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். மனைவியிடம் சொன்னபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். பக்தியில்லாதவள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகரிடம் சொன்னேன். சிரிப்பதா கண்டிப்பதா என்று தெரியாமல் தாடியைத் தடவினார். "நாளைக்கு மத்தியானம் நானே வந்து பார்க்கிறேன்" என்றார்.

வந்தார். பாயில் உட்கார்ந்தார். அவர் குரலுக்குக் கோவில் ஓடெல்லாம் அதிரும். ஆதாமில் ஆரம்பித்து எங்கள் அடுப்படி வரைக்கும் வந்து ஆமென் சொன்னார். நான் கண்ணைத் திறந்தேன். தட்டில் வைத்த சோறு வைத்தபடி இருந்தது.

"வாத்தியாரே, உங்க நாய்க்கு என் ஜெபம் எறங்கலை போலிருக்கே" என்றார். பாதி வேடிக்கை, பாதி வருத்தம்.

அவருக்குத் தின்னாதது எனக்குத் தின்றதே என்று உள்ளுக்குள் ஒரு பெருமை எட்டிப்பார்த்ததை மறைப்பானேன்? அப்போதுதான் முக்காட்டுக்குள்ளிருந்து மனைவி பேசினாள்.

"ஐயா தப்பா நெனச்சிக்கக் கூடாது. ஐயா கண்ணத் தொறந்துக்கினு அதையே பாத்துக்கினு இருந்தீங்க. யாராச்சும் பாத்தா அது துன்னாது."

"நான் பாத்தது உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் போதகர்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அடுப்புல ரசம் பொங்குதான்னு... எப்பவாச்சும்..."

"எப்பவாச்சுமா?" என்றேன் நான்.

"தெனமுந்தான்."

மூன்றாம் நாளே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் ஓரக்கண்ணால் பார்த்தால் நாய் நிறுத்தும், மூடிக்கொண்டால் தின்னும். ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னா, ஜெபத்துல கண்ணத் தொறந்தேனேன்னு அதுக்கு ஒரு ஜெபம் ஆரம்பிச்சிடுவீங்க" என்றாள். ஆக, அந்த அறையில் உண்மையாகக் கண்ணை மூடியிருந்தவன் நான் ஒருவன்தான். விஷயம் தெரியாதவனும் நான் ஒருவன்தான்.

போதகர் போன பிறகு வெகுநேரம் யோசித்தேன். ஜட்காக்காரன் அதைப் பார்த்துவிட்டுத்தானே சாட்டையை எடுத்திருப்பான்? நான் எதிரே உட்கார்ந்து மணிக்கணக்கில் அன்பாகப் பார்த்தேனே, அதெல்லாம் அதற்கு அடுத்த அடிக்கான காத்திருப்பாக இருந்திருக்கிறது. அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் ஜெபம் இன்னும் நீண்டது. ஆனால் இது ஜெபமா, நாய்க்குச் சோறு போடும் தந்திரமா என்று எனக்கே விளங்கவில்லை. போதகரைக் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை. புண்ணின் ஓரத்தில் மட்டும் பொருக்குத் தட்டியது.

ஒரு நாள் விஜயபுரம் பக்கத்து நெல் வயல்களுக்காக வேண்டிக்கொண்டிருந்தேன். சப்பு சப்பென்று தின்னும் சத்தம் வழக்கத்தைவிட மிகக் கிட்டத்தில் கேட்டது. பிழைதான், தாங்க முடியாமல் கண்ணைத் திறந்துவிட்டேன். பானைக்குப் பின்னாலிருந்த தட்டு எப்படியோ பாய் வரைக்கும் நகர்ந்து வந்திருந்தது. நாய் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. வாயில் சோறு. மெல்லுவது நின்றுபோயிற்று.

மறுபடி மூடிக்கொள்வதா, மூடினால் அதையும் ஏதாவது மோசம் என்று நினைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. வயலுக்கு மழை கேட்டேனா வெயில் கேட்டேனா என்பதும் மறந்துவிட்டது. அதற்கும் ஓடுவதா இருப்பதா என்று தெரியவில்லை. பின்னங்கால் மட்டும் நடுங்கியது. இரண்டு பேரும் அப்படியே விழித்துக்கொண்டிருந்தோம்.

"ஜெபம் ஏன் நின்னுபோச்சு?" என்று முக்காட்டுக்குள்ளிருந்து மனைவி கிசுகிசுத்தாள்.

நாய் என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், மெதுவாக, வாயிலிருந்ததை மென்று விழுங்கியது. பிறகு தட்டுக்குக் குனிந்தது.