தெற்கே பச்சடி, வடக்கே எலும்பு

திண்டுக்கல் பிரியாணிக் கடையொன்றில் பரிமாறிய அந்த ஒல்லி மனிதர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார், இலையைத்தான் பார்ப்பார். பார்வை போன என் அப்பாவுக்கு, நாலு பேர் முன்னால் மகள் ஊட்டிவிடுவது பிடிக்காது. படித்த படிப்பைக் காட்டி, "கடிகாரத்துல மூணு இருக்கிற பக்கம் பச்சடிப்பா" என்றேன்.

"நான் என்னைக்குத் தாயி கடியாரம் பாத்தேன்?"

பரிமாறியவர் குனிந்தார். "அய்யா, கெழக்க பாத்து உக்காந்திருக்கீக. தெக்க பச்சடி, வடக்க எலும்பு, நடுவுல பிரியாணி. மேக்க உங்க வயிறு."

"அப்ப எல்லாத்தையும் மேக்கயே ஓட்டிருவோம்!" என்று சிரித்த அப்பா, ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை.

அடுத்த மாதம் அதே கடையில் வேறு மேசை கிடைத்தது. "இப்ப எங்கிட்டு பாத்து உக்காந்திருக்கேன், தாயி?" என்றார் அப்பா. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான், எழுந்து அந்த மனிதரைத் தேடி ஓடினேன்.