கொக்கிளாய்க்கு வரவு பார்க்கப் போனோம்

சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். கூட்டங்களில் பின்வரிசையில் இருந்துவிட்டு வருகிறவள், பயணக் கட்டுரை எழுத முன்வந்தது அதிகப்படிதான். எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் கேட்டுவிட்டார்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை மல்லாவியிலிருந்து முதல் பஸ்ஸில் மாங்குளம் வந்தேன். சந்திக் கடையில் பிளேன்ரீ ஐம்பது ரூபா. குடித்து முடிய, ஆறே முக்காலுக்கு என்னை ஏற்ற வவுனியாவிலிருந்து வான் வந்தது. உள்ளே நெளுக்குளத்துச் சுகந்தி மிஸ். பிள்ளைகளுக்குக் கல்வி உரிமை உண்மையில் கிடைக்கிறதா என்பதை எதை வைத்து அறியலாம் என்று பார்க்கிற வேலை அவருடையது. அதற்கான அளவுகோல்களை உருவாக்கப் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிலிருந்து என்னைப் போன்ற பெற்றோரையும் சேர்த்திருந்தார்கள். அன்று, முதலாவது அளவுகோலைச் சோதிக்கப் போனோம். நாங்கள் போகும் நாளில் பள்ளி வயதுப் பிள்ளை பள்ளியில் இருக்கிறதா என்பதே அது.

"அக்கா, முன்னுக்கு வந்து இருங்கோ" என்றார் சாரதி ராசன். "மிஸ் வாய் திறந்தால் அளவுகோல்தான். எனக்கு நித்திரை வந்திடும்."

"றோட்டைப் பாருங்கோ ராசன்" என்றார் மிஸ்.

ஒட்டுசுட்டான் காடு, முல்லைத்தீவு, பிறகு நாயாற்றுப் பாலம். கொக்குத்தொடுவாய் தாண்டியதும் இடையிடையே களப்பின் கடல்நீர் தெரிந்தது.

கொக்கிளாய்ப் பக்கத்து அந்தக் கிராமத்தின் மாதர் சங்கத் தலைவிக்கு முதல் நாள் நான்தான் போன் எடுத்திருந்தேன். சொல்லாமல் ஒரு வீட்டுக்குப் போவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. பிள்ளைகளின் படிப்பைப் பதிய வருகிறோம் என்றேன்.

ஒன்பதே கால். முதல் வீட்டு வாசலில், படலையடியில் மூன்று பிள்ளைகள் தலை வாரி இழுத்து, பவுடர் பூசி, நல்ல சட்டையோடு வரிசையாக நின்றார்கள்.

"வாங்கோ, கதிரையிலை இருங்கோ" என்றார் தாய். "ஒருத்தரையும் விடேல்லை. எல்லாரும் நிக்கினம், பதியுங்கோ."

"இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ அக்கா?" என்று மிஸ் கேட்டார்.

"இருக்கு. நீங்கள் வாறியள் எண்டுதானே மறிச்சனான். நிவாரணத்துக்குப் பதிய வரேக்கை ஆள் நேரை நிக்காட்டிப் பேரை வெட்டிப்போடுவினம்."

எனக்கு விளங்கியது. இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது நானும் மகனும் அப்படித்தான் வெயிலில் வரிசையில் நின்றோம்.

மூத்தவள் நிரோசா கண்ணைத் துடைத்தபடி நின்றாள். பதினோராம் வகுப்பு. அன்று ஒன்பது மணிக்குக் கணிதச் சோதனை. அதை எழுதினவர்களை மட்டுமே மாலை வகுப்புக்கு எடுப்பார்களாம். அந்த ஊரில் டியூசன் கிடையாது. வகுப்பை விட்டால் சாதாரண தரத்தில் கணக்குச் சித்தியடைய அவளுக்கு வேறு வழியில்லை.

"கணக்கெண்டால் தலையிடி எண்டு படுக்கிறவள். இண்டைக்கு மட்டும் அழுகிறாள்" என்றார் தாய்.

மிஸ் பேனையை மூடினார். "பள்ளிக்கு வரேல்லை எண்டு போட்டால், நாங்கள் மறிச்சதை நாங்களே பிள்ளையின்ரை குறையாப் பதியுறம். வெளிக்கிடு பிள்ளை."

நிரோசா சீருடை மாற்றியதும் வானில் ஏற்றினோம். அந்தக் குறுகிய ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் நல்ல சட்டையோடு எங்களுக்காக நின்றார்கள். பள்ளி வாசலில் உப அதிபர் கடிகாரத்தைக் காட்டினார். "சோதனை தொடங்கி அரை மணித்தியாலத்துக்குப் பிறகு ஒருத்தரையும் விடேலாது."

மிஸ் பேசுவார் என்று பார்த்தேன். அவர் இறங்குவதற்குள் எனக்கு வாய் வந்துவிட்டது. "சேர், பிள்ளை பிந்தேல்லை. நான் போன் எடுத்தபடியால்தான் தாய் மறிச்சவா."

"இவளை விட்டால் மற்றப் பிள்ளையளுக்கு என்ன சொல்லுறது?"

"மற்றப் பிள்ளையளும் வீட்டிலைதான் நிக்கினம் சேர். அந்த ஒழுங்கை முழுக்க."

அவர் வகுப்பறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அதுதான் வகுப்பிலை பாதிக் கதிரை வெறுமையாக் கிடக்குது" என்றார். "ஒரு ஆளுக்கெண்டால் சலுகை. எல்லாரையும் கொண்டு வாங்கோ. இடைவேளைக்குப் பிறகு வேறை தாள் குடுக்கிறன்."

இடைவேளை மணி அடிக்கும்வரை வான் ஒழுங்கைக்கும் பள்ளிக்கும் ஓடியது. "இண்டைக்கு எனக்குப் பள்ளிக்கூட வான் ஓட்டம்" என்று ராசன் முணுமுணுத்தார். நாங்கள் ஒரு வீட்டையும் பதியவில்லை.

திரும்பும் வழியில் எங்கள் மல்லாவிப் பள்ளியை நினைத்தேன். எங்களிடமும் ஆட்கள் பதிய வருவார்கள், நாங்களும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவோம். அந்த நாட்களில் பிள்ளைகள் எதைத் தவறவிட்டார்கள் என்று எவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. பிள்ளையின் வரவைப் பார்க்கிற அளவுகோலில், பார்க்க வருகிறவர்களால் போன பாடத்துக்கும் ஓர் இடம் வேண்டும் என்று மிஸ்ஸிடம் சொன்னேன். "நாளைக்கு அளவுகோல் கூட்டம் இருக்கு, அங்கை கேட்டுப் பாப்பம்" என்றார்.

மறுநாள் மிஸ் போன் எடுத்தார். நிரோசாவின் பெயரை மாலை வகுப்புக்கு எடுத்திருக்கிறார்கள். அளவுகோல் பற்றிய அந்தக் கூட்டம் மழையால் நடக்கவில்லை.