சனியைப் பார்க்காமலே சனத்துக்குக் காட்டிய கதை

வானம் பார்க்க வருகிறவர்களை வரிசையில் நிறுத்துகிற வேலை இருக்கிறதே, அதற்கும் வானத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது முழுக்க வாய்ச்சண்டையும் கால் உளைவும்தான். குடிவரவுக் கந்தோர் வாசலில் நின்று கால் வீங்கிய உங்களுக்கு வரிசையைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. நான் அகதியாக மொன்றியல் வந்த புதிதில், சனிக்கிழமைகளில் மட்டும் வரிசைக்கு மற்றப் பக்கம் நின்றேன். அங்கே பொதுசனங்களுக்கு வானம் காட்டும் நிலையம் ஒன்று இருந்தது. பொழுது பட்டதும் உருண்டைக் கூரை திறக்கும். சனம் ஏணியில் ஏறித் தொலைநோக்கியில் கண்ணை வைக்கும். ஆளுக்கு ஒரு நிமிடம். இறங்க மனம் வராதவர்களை இறக்குவது என் பொறுப்பு. நான் சந்தையில் வத்தகப்பழம் விற்று வளர்ந்தவன். எனக்குத் தொண்டை பெரிது, பொறுமை சின்னது.

உடன்படிக்கை

அந்தப் புரட்டாதியில் காட்டுவதற்கு வாய்த்த கிரகம் சனி. அதே புரட்டாதியில்தான் என் அகதி விசாரணையும். மனுசியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார்கள். வழக்கு வென்றால்தான் அவர்களைக் கூப்பிடலாம். தோற்றால் என்ன நடக்கும் என்று யோசிக்கத் தொடங்கினால் நித்திரை வராது. மனுசி தொலைபேசியில் அழுதாள். எனக்கு ஏழரைச் சனியாம், வழக்கு முடியும் மட்டும் கவனமாக இருக்கட்டாம் என்று சாத்திரி சொன்னாராம்.

கோயிலிலேயே சனீஸ்வரனுக்கு நேரே நில்லாமல் ஒதுங்கி நின்று கும்பிடுகிற ஆட்கள் நாங்கள். இங்கே எனக்குப் பிழைப்பே அவருடைய முகத்தைக் காட்டுவது! என்ன செய்ய? எனக்குத் தெரிந்த ஒரே வழி பேரம்தான். ‘நான் உம்மைப் பார்க்கமாட்டன், நீரும் என்னைப் பார்க்கக் கூடாது’ என்று மனதுக்குள் பேசி முடித்துவிட்டு, தொலைநோக்கிக்கு முதுகைக் காட்டியபடி வேலை செய்தேன். தொலைநோக்கிக்குப் பொறுப்பான மதாம் ஜிசேல் அதைக் கவனித்துவிட்டார். ஒருநாள் கேட்டார்: “ஊருக்கெல்லாம் காட்டுகிறாய், நீ ஒருநாளும் பார்க்கிறதில்லை. இனிப்புக் கடைக்காரனுக்குச் சீனி வியாதியா?”

எள்ளுப் பொட்டலம்

இங்கே சனியை நேரிலேயே காட்டுகிறார்கள் என்ற செய்தி எங்கள் ஆட்களிடம் எப்படியோ பரவிவிட்டது. புரட்டாதிச் சனி விரதம் பிடிக்கிற ஒரு மட்டக்களப்பு அக்கா, பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியிலிருந்து மெட்ரோ ஏறி வந்துவிட்டா. ஏணியடியில் சப்பாத்தைக் கழற்றினா. போகட்டும் என்று விட்டேன். பிறகு கைப்பையிலிருந்து ஒரு மண்சிட்டி விளக்கு வந்தது. கறுப்புத் துணியில் கட்டிய எள்ளுப் பொட்டலம் வந்தது. நல்லெண்ணெய்ப் போத்தல் வந்தது. கடைசியில் நெருப்புப்பெட்டி!

உள்ளே நெருப்பு வைத்தால் என் வேலை போய்விடும். நான் ஒருக்கால் வரிசையில் கத்தியதற்கே மதாம் கடுமையாக எச்சரித்திருந்தார். விசாரணைக்குப் போகும்போது கையில் ஒரு வேலை இருப்பது நல்லது என்று லோயரும் சொல்லியிருந்தார்.

“அக்கா, இதுக்குள்ள கொளுத்தேலாது!”

“அப்ப வாசலில?”

“வாசலிலயும் ஏலாது. வீட்டை போய் எரியுங்கோ. உங்களுக்கு மட்டும் ரெண்டு நிமிசம் தாறன்.”

“மூண்டு.”

நானே பேரத்தில் தோற்ற நாள் அது. அக்கா ஏறினா, முகத்தைச் சரித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தா, கன்னத்தில் போட்டுக்கொண்டா. இறங்கி வந்து சப்பாத்தைக் கொழுவியபடி சொன்னா: “வளையமும் போட்டுக்கொண்டு சின்னனா, வடிவா இருக்கிறார். இவரோ தம்பி எங்களை இந்தப் பாடு படுத்தினவர்?”

இறங்கும் ஐசே

திங்கட்கிழமை விசாரணை. அதற்கு முந்திய சனிக்கிழமை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சனி மேற்கே மரங்களுக்கு மேல் தாழ்ந்துகொண்டிருந்தது. மறைவதற்குள் முழு வரிசையும் பார்த்து முடிக்க வேண்டும். மதாம் எதற்கோ கீழே போயிருந்தார். கோட்டும் டையுமாக ஒரு மெலிந்த மனிதர் ஏறினார். ஒரு நிமிடம் போனது. ஆள் இறங்கவில்லை.

“அண்ணை, ஒண்டும் தெரியேல்ல. ஒரே இருட்டாக் கிடக்கு.” யாழ்ப்பாணத்துப் பேச்சு.

சந்தையில் பழத்தைத் தின்றுவிட்டு, இனிப்பில்லை, இன்னொரு துண்டு வெட்டு என்பார்களே, அந்த வித்தை என்று நினைத்தேன். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “உந்த விளையாட்டு என்னட்டை வேண்டாம். படிச்ச மனுசன் மாதிரிக் கிடக்கு, பின்னால நிக்கிற சனத்தைப் பாத்தும் வெக்கமில்லையே? இறங்கும் ஐசே!”

அவர் இறங்கி, “நீங்களே பாருங்கோ” என்று ஏணியைக் காட்டினார். முழு வரிசையும் என்னைப் பார்த்தது. கோபத்தில் தடதடவென்று ஏறிக் கண்ணை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உடன்படிக்கை ஞாபகம் வந்தது. ஆனால் உள்ளே சனி இல்லை; வெறும் கறுப்பு. குழாயைத் தானாகத் திருப்புகிற பழைய மோட்டார் நின்று, கிரகம் நழுவிப் போயிருந்தது. அந்த மனிதர் சொன்னது உண்மை. மதாம் ஓடி வந்து சரிசெய்வதற்குள் சனி மரங்களுக்குப் பின்னால் போய்விட்டார். மனிதர் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “நான் கத்தோலிக்கன் அண்ணை, சனியைப் பாக்காட்டி எனக்கு நட்டமில்லை. ஆனா நான் சொன்னதை ஒருக்கா நம்பிப் பாத்திருக்கலாம்.”

திங்கட்கிழமை

விசாரணை அறைக்குள் நுழைந்தேன். மேசைக்கு அங்காலே அதிகாரி. இங்காலே என் லோயர். நடுவில், மொழிபெயர்ப்பாளரின் கதிரையில், அதே கோட்டும் டையும்.

என் கடை எரிந்ததும், நான் ஒளித்துத் திரிந்ததும், மனுசி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியதும், எல்லாம் இந்த மனிதரின் வாயால்தான் அந்த அதிகாரியிடம் போக வேண்டும். என்னை நம்பச் சொல்லி நான் கேட்க வந்த இடத்தில், நான் நம்பாமல் இறக்கிவிட்ட ஆள்! வெறுப்பில் ஒரு சொல்லை விழுங்கினாலும் என் குடும்பம் லொட்ஜிலேயே கிடக்கும். அவருக்குப் பொறுமை போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று, பாதியை மென்று விழுங்கிக் கடகடவென்று கொட்டினேன். அவர் கையை உயர்த்தினார். அதிகாரியிடம் ஆங்கிலத்தில் அனுமதி கேட்டார். வெளியே அனுப்பப் போகிறார் என்றே நினைத்தேன். என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “அண்ணை, ஏன் அந்தரப்படுறீங்கள்? இங்க ஒரு நிமிசக் கணக்கில்லை. ஆறுதலாச் சொல்லுங்கோ, நீங்கள் சொல்லுறதில ஒரு சொல்லும் விடாமல் நான் சொல்லுவன்.”

வழக்கு வென்று மனுசியும் மகளும் வந்து சேர்ந்த பிறகும் அந்தக் கிரகத்துக்கு முதுகைக் காட்டித்தான் நின்றேன். நல்லபடி முடிந்த பேரத்தைத் திரும்பக் கிளற நான் என்ன விசரனா?