கையில் படாத துணி

காலரின் உள்பக்கத்தைத் தேய்த்து, சட்டையைத் திருப்பிப் போட்டு, வெளிப்பக்கத்துக்கு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கும் அந்தச் சிறு இடைவெளியில் அக்காவின் இடது கை தானாகப் போனுக்குப் போகும். மடித்து அடுக்கிய சட்டைகளுக்கு மேல், சுவரில் சாய்ந்து நிற்கும் போன். பழைய சட்டைக் கை ஒன்றை வெட்டி அவரே தைத்த உறைக்குள் பாதி முகம் காட்டிக்கொண்டிருக்கும். திரையில் ஒரு தட்டு. அங்கே ஒரு தறியில் நீல நூல் ஒரு வரிசை ஏறும். இங்கே காலர் முடியும். அடுத்து தோள், கை, முதுகு. தோளுக்கு ஒரு தட்டு, முதுகுக்கு ஒரு தட்டு. இதுவரை சட்டையும் கருகியதில்லை, தறியும் நின்றதில்லை.

தெருவே அவரை லாண்டரி அக்கா என்றுதான் கூப்பிடுகிறது. அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். போனுக்குள் மட்டும் வேறு பெயர்: மடிப்பு. விடுமுறைக்கு வந்த நாத்தனார், அண்ணிக்குப் பொழுது போகட்டுமே என்று ஏற்றிக் கொடுத்த விளையாட்டு அது. ஒரு துறைமுகப் பட்டினம். எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் அதில் வந்து கப்பல் ஏறுகிறார்கள், கடலில் சண்டை போடுகிறார்கள், புதையல் தேடுகிறார்கள். அக்கா இன்றுவரை கப்பலில் கால் வைத்ததில்லை. முதல் நாளே துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு தையல் கொட்டகை கண்ணில் பட்டது. உள்ளே போய் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான்.

"கடலுக்கே போகலையா அண்ணி?" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

"போனவங்க எல்லாம் நனைஞ்சுதானே வர்றாங்க. அவங்க துணிய யாரு பார்க்கறது?"

அவர் செய்வது மேலங்கி. கப்பல் தலைவர்கள் தோளில் மாட்டிக்கொண்டு காற்றில் பறக்க விடுகிற நீள அங்கி. மற்றவர்கள் செய்த அங்கி பலகை மாதிரி விறைத்து நிற்கும். அக்கா செய்தது விழ வேண்டிய இடத்தில் விழும், நடக்கும்போது முழங்காலோடு சேர்ந்து அசையும். அதனால் கொட்டகை வாசலில் எப்போதும் இரண்டு பேர் நிற்பார்கள். அவர்களிடம் அவர் எழுதுவது இரண்டே பதில்: "சரி", "நாளைக்கு வாங்க". லாண்டரிக்கு வருகிறவர்களுக்கும் அவர் வாயிலிருந்து கிடைப்பது இவ்வளவுதான். மீதிப் பேச்சு முழுவதையும் கல்லாவில் இருக்கும் கணவர் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். துணி வெளுக்கும் முன்பே பேச்சில் வெளுத்துக் காயப்போட்டுவிடுகிற மனிதர்.

அக்காவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கடைக்குள் எந்தத் துணி வந்தாலும், எண் எழுதிய சிறு துண்டுத் துணியை அதில் ஊக்கால் குத்த வேண்டும். அதைச் சீட்டு என்பார்கள். சீட்டு குத்தாமல் அவர் தண்ணீர்கூடத் தெளிக்க மாட்டார். ஒருநாள் அவசரமாக எங்கோ கிளம்பிய கணவர் தன் சட்டையைக் கழற்றி நீட்டினார்.

"நம்ம சட்டைக்கு எதுக்கும்மா சீட்டு? ஒரு இழுப்பு இழுத்துக் குடு."

"சீட்டு குத்தாத வரைக்கும் அது யாரோ மறந்துட்டுப் போன துணிங்க. குத்தினாத்தான் வேலை."

சீட்டோடுதான் தேய்த்துக் கொடுத்தார். கணவரும் அதைக் கழற்ற மறந்து, முதுகில் எண்ணோடு ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தார்.

போன மழைக்காலம் முழுக்க அக்கா ஒரே அங்கியில் உட்கார்ந்திருந்தார். கரும்பச்சை, ஓரத்தில் சிவப்புக் கரை. அந்தச் சிவப்புச் சாயத்துக்கு வேண்டிய சிப்பியை யார் யாரோ கடலிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார்கள். ஒரு பிற்பகலில் அது முடிந்தது. தேய்த்து முடித்த துணியை இஸ்திரிக்காரர் யாராக இருந்தாலும் கடைசியாக உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிடுவார். சூடு தணியவும் ஆயிற்று, மனசு நிறையவும் ஆயிற்று. அக்காவும் தடவினார். திரையின் மேல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, முழு உள்ளங்கையால்.

அந்த விளையாட்டில் ஒரு பொருளை ஓரத்துக்குத் தள்ளினால், எதிரே நிற்பவருக்குப் பரிசாகக் கொடுத்ததாக அர்த்தம். எதிரே நின்றவன் வழி கேட்க வந்த ஒரு மாலுமி. அங்கி அவன் தோளில் ஏறியது. அவன் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கப்பலுக்குப் போய்விட்டான்.

"அய்யய்யோ!" என்று அக்கா போட்ட சத்தத்தில் கணவர் கல்லாவிலிருந்து ஓடி வந்தார். "எந்தச் சட்டை? யாரோடது? ரொம்பக் கருகிடுச்சா?"

"சட்டை இல்லைங்க. அங்கி. கையோட போயிடுச்சு."

விஷயம் புரிந்ததும் அவருக்கு உயிர் வந்தது. "இல்லாத துணி தொலைஞ்சு போச்சுன்னு அழற ஒரே ஆளு இந்த ஊருல நீதான். அந்தப் போனை நோண்டாதேன்னா கேக்கறியா?"

நோண்டல். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் அதுதான். அக்கா அன்றைக்கு வந்த துணி முழுவதையும் இடது கையைச் சும்மா வைத்துக்கொண்டே தேய்த்தார்.

சில வாரம் கழித்து நாத்தனார் போனில் கூவினாள். ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் நிஜக் காசுக்குப் பொருள் விற்றுக்கொள்கிற ஓர் இடம் இருக்கிறதாம். அந்த மாலுமி அங்கே அங்கியை விற்றுவிட்டான். கீழே "மடிப்பு செய்தது" என்று போட்டிருக்கிறது. அது விற்ற விலைக்குத் துணி தேய்க்கிற ஒரு நீராவி மேசையே வாங்கலாம். அது மட்டுமில்லை, அதைப் பார்த்த இரண்டு கப்பல் தலைவர்கள், இதே மாதிரி செய்து தந்தால் காசை நேராக அனுப்புகிறோம் என்கிறார்கள்.

நீராவி மேசை அந்தக் கடையின் நெடுநாள் கனவு. கணவர் மறுநாள் காலையிலேயே சுவரோரம் சாக்பீஸால் அதற்கு இடம் அளந்து கோடு போட்டார். நோண்டல் என்ற சொல் வீட்டைவிட்டே வெளியேறிவிட்டது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "வீட்டுல பெரிய ஆர்டர் எடுத்திருக்காங்க, அங்கி தைக்கற தொழில்" என்றார். அக்கா குனிந்த தலை நிமிராமல் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆனால் "தொழில்" என்ற சொல் வரும்போதெல்லாம் பெட்டி ஒரு நொடி நின்று நகர்ந்தது.

வாரத்தின் முதல் நாள் வரி சார் வருவார். வரி அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், எப்போதும் வெள்ளைச் சட்டை. விளையாட்டுக்குள் விற்கும் பொருளுக்கு வரி போடலாமா கூடாதா என்று செய்தியில் ஓடிக்கொண்டிருந்த சமயம். அக்காவுக்கு அது உள்ளே அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. சட்டைக் கட்டை வாங்கிக்கொண்டு, வழக்கமான "நாளைக்கு வாங்க"வுக்குப் பதிலாக, "சார், போன்ல இருக்கற துணிக்கும் வரி உண்டா?" என்று கேட்டேவிட்டார்.

கணவரின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "அய்யோ சார், அது சும்மா விளையாட்டு. பொழுது போகாம நோண்டிக்கிட்டு இருக்கா."

"போன வாரம் தொழில்னீங்களே?"

"அது ஒரு பேச்சுக்கு சார்."

வரி சாருக்குப் போகிற அவசரம் மறந்துவிட்டது. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டார். "எங்க ஆபீஸ்லயே இதுல ரெண்டு கட்சி அக்கா. டீ ஆறிப்போற வரைக்கும் சண்டை. அங்கயே சம்பாதிச்சு அங்கயே நூல் வாங்கினா அது அவங்களுக்குள்ள நடக்கற ஆட்டம், அதுல நாங்க ஏன் மூக்கை நுழைக்கணும்ங்கறான் ஒருத்தன். நாளைக்கு கம்பெனிக்காரன் கதவைச் சாத்திட்டா அங்கியும் போச்சு, பட்டினமும் போச்சு. இல்லாமப் போறதுக்கு எப்படி வரி கேக்கறது? ஆனா அதை வித்து நிஜக் காசு கைக்கு வந்துட்டா? அங்கதான் இடிக்குது."

"தேய்ச்ச சட்டையும் சாயங்காலம் கசங்கிடுதே சார். அதுக்கு பில்லு போடறோமே?"

"சட்டை கையில இருக்குல்ல? அங்கிய கையால தொட முடியுமா?"

"என் கை பட்டுத்தான் சார் அது போச்சு."

வரி சார் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் அந்தப் போனையே பார்த்தார். "என்னைக் கேட்டா நான் சொல்றது இதுதான். பொழுதுபோக்குன்னா நீங்க கேக்கவும் இல்ல, நான் காதுல வாங்கவும் இல்ல. தொழில்னா, வர்ற காசை வருமானத்துல காட்ட வேண்டியதுதான். எதுன்னு நான் சொல்ல முடியாது. செய்யறவங்கதான் சொல்லணும்."

கணவர் வரி சாரின் முதுகுக்குப் பின்னால் நின்று புருவத்தை ஏற்றி இறக்கினார். சாக்பீஸ் கோட்டைக் காட்டினார். விளையாட்டுன்னு சொல்லு, சொல்லித் தொலை என்று அவருடைய உதடு சத்தமில்லாமல் கெஞ்சியது.

அக்கா அந்தக் கோட்டைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். ஊக்கு டப்பாவைத் திறந்து, வரி சாரின் வெள்ளைச் சட்டைகளுக்கு ஒவ்வொன்றாகச் சீட்டு குத்தினார். கடைசிச் சட்டை முடிந்தும் டப்பா திறந்தே இருந்தது. அடுத்த எண்ணை எடுத்தார். சுவரில் சாய்ந்திருந்த போனைத் தன் பக்கம் இழுத்து, அதன் துணி உறையின் ஓரத்தில் ஊக்கை ஏற்றி, அழுத்தி மூடினார்.